ஒன்பது அங்குலக் குழி

திருப்பாலைவனம் தாண்டியதும் செல்வம்மாளின் மீன்கூடை ஒழுக ஆரம்பித்தது. பொன்னேரி போகும் காலை பஸ்; கால் வைக்க இடமில்லை. கூடைக்கு அடியில் வைத்திருந்த பனையோலைத் தடுக்கு கிழிந்திருந்ததை அவள் பார்க்கவில்லை. மீன் தண்ணீர் கோடு போட்டாற்போல் இறங்கி, முன்னால் பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்த கல்யாண வீட்டுக்காரரின் காலைப் பார்த்து ஓடியது. அந்த மனிதர் குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். கண்டக்டர் விசில் ஊதுவார், கூடையும் அவளும் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. நடந்துபோய் மார்க்கெட்டைச் சேர்ந்தபோது மடவை மீனின் கண் வெளுத்துவிட்டிருந்தது.

அந்த நேரம் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற பையன் ஒருவன் குனிந்தான். கையிலிருந்த கெட்டி அட்டை நோட்டைத் தண்ணீருக்குக் குறுக்கே அணை மாதிரி தரையில் வைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் காலால் நோட்டை அழுத்திக்கொண்டு நின்றான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. பொன்னேரி வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தான். இறங்கும்போது நோட்டை எடுத்து ஈரத்தை உதறி, காலால் மிதித்த பாவத்துக்கு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டான்.

வேறு யாராக இருந்தாலும், நல்ல பிள்ளை, அம்மன் காப்பாற்றட்டும் என்று நினைத்திருப்பார்கள். செல்வம்மாள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே நினைத்தது வேறு. ராமன் மகனாச்சே இவன்? எதுக்கு எனக்குச் செய்யறான்? நம்மகிட்ட இன்னா வேணும் இவனுக்கு?

அது 1979, ஆடி மாதம்.

பையனின் பெயர் துளசிங்கம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில் சங்குமேட்டுக் குப்பம் என்று ஒன்று உண்டு. அங்கே ஏரியில் வலை கட்டிப் பிழைக்கும் ராமனுக்குத் தலைப்பிள்ளை. பிறந்தது மீன்காரன் வீட்டில் என்றாலும் அந்தப் பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. ஒரு நாள் வலை இழுத்தால் மறுநாள் உள்ளங்கை வெடித்து ரத்தம் கசியும். வேப்பெண்ணெய் போட்டுப் பார்த்தார்கள், கங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டு வெள்ளியில் கை செய்து உண்டியலில் போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ராமன்தான் சொன்னார்: "ஏரி உன்ன வேணாங்குது நைனா. அதுங்கூட இன்னா சண்டை? போய்ப் படி."

அப்படித்தான் படகில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி என்று அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. எழுபத்தெட்டில் பன்னிரண்டாம் வகுப்பு என்று புதிதாக வந்தது. அதில் தொழில் படிப்பாக விவசாயம் ஒரு பிரிவு. சேர வந்த பிள்ளைகளைப் பார்த்து, "யார் யார் வீட்ல நெலம் இருக்கு?" என்று வாத்தியார் கேட்டாராம். எல்லோரும் கை தூக்க, இவனும் தூக்கினான்.

"நீ ஏரிக்கரை பையன் ஆச்சே. உனக்கு ஏது நெலம்?"

"மணல் இருக்குது சார்."

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு குப்பத்துக்கும் வந்து சேர்ந்தது. படகுத்துறையில் அவன் தலை தெரிந்தால் போதும். "ராமன் மகன் கடல்ல ஏரு ஓட்டப் போறாண்டோய்! டேய் துளசி, வெள்ளாமை வந்தா நம்ம வூட்டுக்கு ஒரு மூட்டை!" அவனும் சிரித்துக்கொண்டே, "சாக்கு நீ எடுத்துக்கினு வா அண்ணே" என்பான். கோபம் என்பது அவன் முகத்தில் வந்து யாரும் பார்த்ததில்லை. செல்வம்மாளுக்கு அதுவும் பிடிக்காது. ஏசினால் திருப்பி ஏசாதவன் மனசில் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. செல்வம்மாள் சங்குமேட்டில் பிறந்தவள் இல்லை. வடக்கே இருக்கும் தீவில் பிறந்து, அங்கேயே தாமோதரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். ராக்கெட் விட அந்தத் தீவைச் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது கிளம்பி வந்த சனத்தில் அவளும் ஒருத்தி. கிளம்புவதற்கு முந்தின வருஷம், சட்டை போட்ட சில பிள்ளைகள் முதலில் வந்தார்கள். கூட்டம் போட்டுப் பேசினார்கள், நோட்டில் பெயர் எழுதினார்கள். அப்புறம் சங்கிலி பிடித்து அளந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு வாசலிலும் சின்னதாக ஒரு குழி. ஒரு சாண் ஆழம் இருக்கும். அந்தக் குழியில் நம்பர் போட்ட கல் வந்து உட்கார்ந்தது. செல்வம்மாள் வாசலில் மட்டும் குழி விழவில்லை. தாமோதரன் கடலுக்குப் போயிருந்தான், இவள் குழந்தையோடு தீவின் மறுகோடியில் இருந்த தாய்வீடு போயிருந்தாள். ஆளில்லாத வீடு என்று தாண்டிப் போய்விட்டார்கள். கல் இருந்த வீட்டுக்கெல்லாம் மாற்று இடம் கிடைத்தது. கல் இல்லாத வீட்டுக்கு, "உங்க பேரே இல்லையேம்மா" என்ற பதில்தான் கிடைத்தது.

தாமோதரன் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான். அவள் மகள் தேவகியைக் கையில் பிடித்துக்கொண்டு, தூரத்து உறவைச் சொல்லி சங்குமேட்டுக்கு வந்தாள். தெற்குத் தெருவில் பன்னிரண்டு வீடு. கடைசி வீட்டுக்கு அப்பால் ஓலைக் குடிசை ஒன்று போட்டுக்கொள்ள குப்பத்துத் தலைவரான நாட்டார் சுப்பராயலு வாய்வார்த்தையாகச் சம்மதம் சொன்னார். பதின்மூன்றாவது வீடு. பட்டா, காகிதம் ஒன்றும் கிடையாது. அந்த வாய்வார்த்தையும், காலுக்குக் கீழே இருந்த நாலு முழம் மணலும்தான் அவளுக்கு உலகத்தில் சொந்தம். இதுவும் போனால் மூன்றாவது இடம் தேட அவளுக்குத் தெம்பில்லை.

ஆகையால் துளசிங்கம் குப்பத்தில் கூட்டம் போட ஆரம்பித்ததும் அவள் தூரத்தில் நின்று அதை நோட்டம் விட ஆரம்பித்தாள்.

அவன் படித்த பள்ளியில் இளம் உழவர் மன்றம் என்று ஒன்று இருந்தது. பிள்ளைகளே தலைவர், பிள்ளைகளே செயலாளர். எழுந்து நின்று பேச வேண்டும், மற்றவர் பேசினால் கேட்க வேண்டும், முடிவானதை எழுதி வைக்க வேண்டும். துளசிங்கம் அதைத் தெற்குத் தெருவுக்கும் கொண்டு வந்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகள்தான் பெரும்பாலும்; ஆணும் பெண்ணுமாகப் பதின்மூன்று பேர், வீட்டுக்கு ஒருவர். தெருவுக்குப் பின்னால் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் பள்ளம் ஒன்று உண்டு. அதை ஒட்டி மீன் கழிவும் ஆட்டுப் புழுக்கையும் சாம்பலும் போட்டு மக்க வைத்து, நாலு பாத்தி கத்தரியும் சவுக்கு நாற்றும் போட்டார்கள். நாற்றம் ஊரைத் தூக்கியது. "மீன வித்தா காசு, இவனுங்க புதைக்கறானுங்க" என்று முதல் வீட்டுக் குப்பம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு போவாள். ஆனாலும் கத்தரி காய்த்தபோது முதல் ஆளாக முந்தானையை ஏந்தியதும் அவள்தான்.

தலைவர் யார் என்பதற்கு ஓட்டுப் போட்டால் சண்டை வரும். அதற்குத் துளசிங்கம் ஒரு வழி கண்டுபிடித்தான். ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று குப்பத்து ஆண்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு விழுந்தவனைப் பார்த்து மற்றவன் பொறாமைப்படக் கூடாது, விழுந்த இடத்தை வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. மன்றத்திலும் அதே மாதிரி. ஆளுக்கொரு சிப்பியில் குறி கீறிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். எந்தச் சிப்பி வருகிறதோ அவர்தான் அந்த மாதத்துக்குத் தலைவர். வாயே திறக்காத பிள்ளைக்கு வந்தாலும் ஒரு மாதம் அந்தப் பிள்ளைதான் நின்று பேசியாக வேண்டும். முடியாது என்று அழுத பிள்ளையிடம் அவன் சொன்னானாம்: "நாளைக்கு ஒரு வேலைக்குப் போய் நிக்கறே. பேரு இன்னானு கேப்பான். அப்ப காலப் பார்த்துக்கினு நிப்பியா? இங்க நாங்கதான் கீறோம், இங்கயே பயந்து முடிச்சுக்கோ."

செல்வம்மாளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவள் தூரத்திலிருந்து பார்த்தது, பாத்தி ஓரம் வட்டமாகத் தலைகள், நடுவில் ஒருவர் காகிதத்தைப் பார்த்துப் பேசுவது, துளசிங்கம் நோட்டில் எழுதுவது. தீவிலும் முதலில் கூட்டம்தான்.

"இந்தா தேவகி, அந்தப் பக்கம் உன் நெழலு வுழக்கூடாது. சொல்லிட்டேன்."

"நான் எங்கம்மா போறேன்?" என்றாள் தேவகி, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளுக்குப் பதினாறு வயது. எட்டாவதோடு நின்றவள்.

கார்த்திகையில் ஒரு நாள் பொன்னேரியில் மீன் சீக்கிரம் விற்றுப் போயிற்று. செல்வம்மாள் காலிக் கூடையோடு அந்தப் பள்ளிக்கூடத்து வேலியோரம் போய் நின்றாள். அவளையும் அறியாமல் கால் அங்கே கொண்டு போயிற்று. உள்ளே திடலில் ஒரு வாத்தியாரும் பத்துப் பதினைந்து பிள்ளைகளும். துளசிங்கம் ஒரு முனையில் குந்தியிருந்தான். அவன் கையில் இரும்புச் சங்கிலி. இன்னொருவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். வாத்தியார் எண்ணைச் சொன்னார், துளசிங்கம் எழுதிக்கொண்டான்.

அதே சங்கிலி. கணுக்கணுவாக வளையம் போட்ட அதே சங்கிலி. செல்வம்மாள் வேலியை விட்டு விலகி விறுவிறுவென்று நடந்தாள். வயலை அளக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற பாடம் அது என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? பஸ்ஸில் வந்து உட்கார்ந்ததும் ஆடி மாதத்துச் சங்கதி ஞாபகம் வந்தது. அன்னிக்கே நம்மள வளைச்சுப் போடப் பார்த்திருக்கான். கஸ்மாலம், எம்மாம் நைசா!

மார்கழியெல்லாம் அவள் கண் அவன் மேலேயே இருந்தது. பேசுகிறவர்களிடம் பேசிப் பார்த்தாள். "அவன் மூஞ்சியப் பார்த்தா அப்படித் தெரியலயே" என்றாள் குப்பம்மா. "மூஞ்சில எழுதி ஒட்டிக்கினா வருவான்?" என்றாள் செல்வம்மாள்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் தண்ணீர்க் குடத்தோடு தெருவில் நடந்தவள் குப்பம்மா வாசலில் நின்றுவிட்டாள். வேலியோரம் ஒரு குழி. சின்னது. ஒரு சாண் ஆழம். ஒரு பக்கம் சரிவாகச் சீவி விட்டாற்போல் இருந்தது. அடுத்த வாசலிலும் ஒன்று. அதற்கு அடுத்ததிலும். குடம் இடுப்பில் கனக்க, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள். பன்னிரண்டு வாசலில் பன்னிரண்டு குழி. பதின்மூன்றாவதாகத் தன் வாசலுக்கு வந்தாள். காலையில் பெருக்கித் தெளித்த மணல், தெளித்தபடி கிடந்தது.

குழி இல்லை.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேலியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். இல்லவே இல்லை. "அம்மா தாயே, மறுபடியுமா?" என்று கங்கையம்மன் கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கேட்டாள். மற்றவர்களுக்குக் கல் வரும், கல்லுக்குப் பதில் இடம் வரும். அவளுக்கு, உங்க பேரே இல்லையேம்மா.

அவள் படகுத்துறைக்கு ஓடினாள். பச்சைமுத்துவின் படகு கிளம்பத் தயாராக நின்றது. துளசிங்கம் ஏறி உட்கார்ந்து, மடியில் ஒரு கோணிப்பையை வைத்திருந்தான். செல்வம்மாள் கூடைகூட இல்லாமல் ஏறி அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். படகு நடு ஏரிக்குப் போகிற வரைக்கும் பொறுத்தாள்.

"பையில இன்னாடா?"

"மண்ணு அத்த. பரிசோதனைக்கு."

"மண்ணா? எவன் வூட்டு மண்ணு?"

"நம்ம தெருவுதுதான் அத்த. ஒவ்வொரு வூட்ல இருந்தும் கொஞ்சம். எந்த வாசல்ல உப்பு கம்மியோ, அங்க முருங்கை..."

அவள் எழுந்தாள். படகு ஆடியது. "ஏம்மே, குந்தும்மே! கவுத்துடுவ போலக்கீதே" என்று பச்சைமுத்து கத்தினார். அதற்குள் கோணி அவள் கைக்கு வந்துவிட்டது. உள்ளே பழைய வேட்டியில் தைத்த சின்னச் சின்னப் பைகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர் எழுதிய சீட்டு. ஒவ்வொன்றாக எடுத்து ஏரியில் எறிந்தாள். பன்னிரண்டையும் எறிந்தாள். கோணிக்கு அடியில் கெட்டி அட்டை நோட்டு ஒன்று இருந்தது. அதை மட்டும் எறியாமல் மாரோடு அணைத்துக்கொண்டாள்.

துளசிங்கம் எழுந்திருக்கவில்லை. தண்ணீரில் பைகள் ஒன்றன்பின் ஒன்றாக முழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அத்த, அடுத்த மாசம் எனக்குப் பரீட்சை" என்று மட்டும் சொன்னான்.

"எனக்குப் பத்து வருசமா பரீட்சைடா" என்றாள் அவள்.

அன்று மத்தியானமே கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. நாட்டார் சுப்பராயலு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் பிரித்தார்.

"குப்பம்மா வூடு. வடக்கு வேலி ஓரம். குழி ஆழம் ஒன்பது அங்குலம்."

"ஐயோ, என் வூட்டையா!" என்றாள் குப்பம்மா.

"பச்சைமுத்து வூடு. கிணத்துக்குக் கிழக்கே பத்தடி. குழி ஆழம் ஒன்பது அங்குலம்."

"இன்னாத்துக்கு ஒன்பது அங்குலம்?" யாரோ கேட்டார்கள்.

"கல்லு நடத்தான்!" என்றாள் செல்வம்மாள். "நான் பார்த்தவ. நம்பர் போட்ட கல்லு. அந்தக் குழிக்கும் இந்தக் குழிக்கும் ஒரு விரக்கடை வித்தியாசம் இல்ல. பொன்னேரில இவன் சங்கிலி புடிச்சத இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். அம்மன் மேல ஆணை."

அதற்கப்புறம் அவன் சொன்னதை யார் கேட்டார்கள்? மண்ணில் உப்பு எவ்வளவு என்று பார்க்கத்தான் என்றான். "உப்பு கரிக்குதுனு நாக்குல வெச்சாத் தெரியாதா? அதுக்கு நோட்டு எதுக்குடா?" என்றார்கள். மேல் மண் ஒன்பது அங்குலம் எடுக்க வேண்டும் என்று வாத்தியார் சொன்னார் என்றான். "அந்த வாத்தியாரு சர்க்கார் ஆளுதானே?" என்றார்கள். ராமன் தலையைக் குனிந்தபடி நின்றார்.

"சரி. எங்க வூட்டு வாசலத் தோண்டினது யாரு? அதச் சொல்லு" என்றார் சுப்பராயலு.

கூட்டத்தின் ஓரத்தில் மன்றத்துப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். துளசிங்கம் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"நான்தான் நாட்டாரே."

"பன்னெண்டும்?"

"பன்னெண்டும்."

தீர்ப்பு சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. இந்த மாதம் ராமன் வீட்டுக்குப் பாடு கிடையாது, மன்றம் கின்றம் எதுவும் இனிமேல் கூடாது. பாடு போனால் ஒரு மாதம் அந்த வீட்டில் வலை நனையாது, உலை கொதிக்காது.

நோட்டைக் கைமாற்றி அம்மன் காலடியில் வைக்கச் சொன்னார்கள். செல்வம்மாள் கைக்கு அது வந்தபோது அட்டையின் மேல் விரல் பட்டது. ஓரமெல்லாம் ஊறி உப்பிக் காய்ந்திருந்தது. குறுக்கே பழுப்பாக ஒரு கறை. முகத்தருகே கொண்டுபோனாள். மடவை மீனின் கவிச்சி.

அந்த இடத்திலேயே அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவன் நல்லவனாகவே இருக்கட்டும், என் வாசலில் மட்டும் குழி விழவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். அம்மனுக்குத் தெரியும், அந்த மௌனம்தான் பிற்பாடு அவளை அறுத்தது.

மறுநாள் காலையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது தேவகி எதிரே வந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, கூட்டத்தில் பேசுகிற மாதிரி பேசினாள்.

"அம்மா, நான் சொல்றத முடிக்கற வரைக்கும் அடிக்கக்கூடாது. தை மாசத்துச் சிப்பி எனக்கு வுழுந்துச்சு. நான்தான் தலைவி."

அரிவாள்மணையில் வைத்த மீன் பாதி அறுபட்டபடி நின்றது.

"மண்ணு எடுக்கறதுனு தீர்மானம் போட்டது நான். அவங்கவங்க வூட்டு வாசல அவங்கவங்க தோண்டறதுனு சொன்னதும் நான்தான். துளசி அண்ணன் ஒரு குழியும் தோண்டல, அவங்க வூட்டுதக்கூட அது தங்கச்சிதான் தோண்டுச்சு. எங்க பேரு ஊர்ல அடிபடக்கூடாதுனு எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிச்சு."

"அப்ப நம்ம வாசல்ல?" செல்வம்மாள் கேட்டது அது ஒன்றைத்தான். "நம்ம வாசல்ல ஏண்டி தோண்டல?"

"நான் தோண்டறேன்னுதான் சொன்னேன். அண்ணன் வுடல. செல்வம்மா அத்த ஏற்கெனவே ஒரு வூட்ட வுட்டுட்டு வந்தவங்க, அவங்க மண்ண கேக்காம தொடக்கூடாது, நானே போய்க் கேக்கறேன்னுச்சு. உன்ன நெனச்சா அதுக்கு பயம். இன்னிக்குக் கேக்கறேன், நாளைக்குக் கேக்கறேன்னு தள்ளிப் போட்டுக்கினே இருந்துச்சு."

செல்வம்மாள் ஆய்ந்த மீனைச் சட்டியில் போட்டு மூடினாள். அடிக்கவில்லை. அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, சுப்பராயலு வீட்டுக்குப் போனாள். வலைக்காரர்கள் நாலைந்து பேர் இருக்கும்போதே சொன்னாள்.

"நாட்டாரே, நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன். குழிய தோண்டச் சொன்னது என் பொண்ணு. தோண்டினது உங்க உங்க வூட்டுப் புள்ளைங்க. போய் கேட்டுப் பாருங்க. பாட்ட நிறுத்தணும்னா என் பாட்ட நிறுத்துங்க."

"உனக்கு ஏதும்மா பாடு?"

"அதான் சொல்றேன். என்கிட்ட புடுங்க ஒண்ணும் இல்ல. ராமன் அண்ணன் வூட்டுத கொடுத்துடுங்க."

சுப்பராயலு தன் சின்ன மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பெண் தலையை ஆட்டியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், "பேஜார் புடிச்ச வேலை" என்றார். ராமனுக்குப் பாடு திரும்பி வந்தது, மன்றத்துக்குப் போட்ட தடையும் போயிற்று. மண் வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் வாய் திறந்து கேட்டு எடுக்க வேண்டும் என்று சொல்லி, நோட்டையும் கொடுத்தார்.

அதை யார் கேட்பது? செல்வம்மாளே கேட்டாள். தோண்டுகரண்டி ஒன்றும், புதிதாகத் தைத்த பைகளும் எடுத்துக்கொண்டு, எழுதுவதற்குத் தேவகியைக் கூட்டிக்கொண்டு, தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். குப்பம்மா வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்தாள்.

"இன்னாம்மே? நேத்து ஏரியில கொட்டினே, இன்னிக்கு மடி ஏந்தறியா?"

"ஆமா, ஏந்தறேன். போடு."

"கல்லு நடுவாங்கன்னியே?"

"நட்டா என் தலையில நடட்டும். கொஞ்சம் தள்ளு."

மேலே கிடந்த குப்பையைத் தள்ளிவிட்டு, தேவகி சொன்னபடி சாய்வாகச் சீவி, ஒன்பது அங்குலம் தோண்டி எடுத்தாள். பன்னிரண்டு வீட்டிலும் அப்படித்தான் பேச்சு வாங்கிக்கொண்டு எடுத்தாள். முடித்துத் தன் வாசலுக்கு வந்தபோது கரண்டியோடு குனிந்தாள். கை இறங்கவில்லை. குழி இல்லாததற்கு அவ்வளவு பயந்தவளுக்கு, இப்போது குழி விழுவதற்கும் பயமாக இருந்தது. இவங்க சொல்றதெல்லாம் நெசந்தானா? நாளைக்கு வேற எவனாவது இந்த நோட்ட எடுத்துக்கினு வந்தா? தேவகி பார்த்துக்கொண்டே இருந்தாள். "பன்னெண்டு போதும்" என்று சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

துளசிங்கம் பைகளை எண்ணினான். பன்னிரண்டு. அவளைப் பார்த்துவிட்டு, பைகளைக் கோணியில் அடுக்கினான்.

"இந்தக் கறை என் மடவைத் தண்ணிதானே?" என்றாள் அவள், நோட்டைக் கொடுத்துக்கொண்டே.

"ஆமா அத்த. திருத்தக் கொடுத்தப்ப வாத்தியாரு மூக்கப் புடிச்சுக்கினுதான் மார்க்கு போட்டாரு."

"அன்னிக்கு எதுக்குடா அத வெச்சே?"

"தண்ணி வந்துச்சு, வெச்சேன்" என்றான்.

பரீட்சையில் அவன் தேறினான். அப்புறம் ஒரு வருஷப் பயிற்சி, விதைப் பண்ணை ஒன்றில் தினக்கூலி, நடுவில் வேலையில்லாமல் ஒரு வருஷம் என்று நாள் ஓடியது. ஊருக்கு வந்தபோதெல்லாம் சிப்பிக் குடத்தைக் குலுக்காமல் போனதில்லை. மன்றத்தில் நின்று பேசிப் பழகிய பிள்ளைகளில் ஒருவன் பழவேற்காட்டில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குப் போனான். தேவகி சவுக்கு நாற்றங்கால் ஒன்றில் முதலில் கூலியாகச் சேர்ந்து, பிறகு இருபது பேரை வேலை வாங்கும் மேஸ்திரி ஆனாள். "பொம்பளை மேஸ்திரியா? எதுக்குக் கொடுத்தான் அந்த வேலைய?" என்று செல்வம்மாள் அதையும் ஒரு மாதம் சந்தேகப்பட்டுத்தான் ஓய்ந்தாள். தெற்குத் தெருவில் உப்புக் குறைந்த வாசல் எது என்று தெரிந்து முருங்கையும் தென்னையும் வைத்தார்கள். பன்னிரண்டு வாசலில் ஏதோ ஒன்று பச்சையாக நின்றது. பதின்மூன்றாவது வாசல் வெறும் மணலாகவே கிடந்தது. கல்லும் வரவில்லை. ஆனாலும் துளசிங்கம் ஊருக்கு வரும்போதெல்லாம், "அந்த நோட்டு எங்க வெச்சிருக்கே?" என்று கேட்காமல் அவள் இருந்ததில்லை. "டிரங்குப் பெட்டில பத்திரமாக் கீது அத்த" என்பான்.

எண்பத்தாறில், வைகாசி மாதம், அவனுக்குத் தர்மபுரிப் பக்கம் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. உப்புத் தண்ணீர் தொடாத வேலை. கிளம்புகிற காலையில் பச்சைமுத்து படகில் பெட்டியை ஏற்றிவிட்டு, அவன் மட்டும் திரும்பித் தெற்குத் தெருக் கடைசிக்கு வந்தான். செல்வம்மாள் வாசலில் கூடை முடைந்துகொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அடுத்த வருஷமே ராமன் வீட்டாரும் மகனோடு போய்விட்டார்கள். ஊருக்கு அவன் வந்த ஒரே ஒரு தடவை, இவள் அம்மனிடம் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

அன்று அவன் வேலிக்கு வெளியிலேயே நின்றான். கையில் அந்த நோட்டும் ஒரு துணிப்பையும் இருந்தன. பையின் கழுத்தில் சீட்டுக் கட்டியிருந்தது.

"இன்னாடா, உள்ள வராம நிக்கறே?" என்று கேட்டாள் செல்வம்மாள்.

"பன்னெண்டு பக்கம் எழுதிட்டேன் அத்த. பதிமூணாவது பக்கம் இன்னும் காலியாத்தான் கீது" என்றான் துளசிங்கம். "ஒரு பிடி நீயே அள்ளிக் கொடுத்துடு. நான் குனிஞ்சா மறுபடி ஊரக் கூட்டிடுவே."